பாயை நனைக்கும் பிள்ளையை மருத்துவர் எப்படிப் பார்ப்பார்?

பள்ளி விட்டு வந்த பிள்ளை, தோள்பையைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுகிறது. கதவைத் தொடுவதற்குள் உடை நனைந்துவிடுகிறது. அல்லது பகலெல்லாம் ஒன்றும் இல்லை, விடிந்தால் பாய் நனைந்திருக்கிறது. ஏழு வயதாகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இரவு தங்காமல் திரும்பிவிடுகிறீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் தெருவிலேயே இன்னும் சில வீடுகளில் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். ஐந்து வயதுக் குழந்தைகளில் 100-க்கு 15 பேர் அளவில் தூக்கத்தில் சிறுநீர் கழிக்கிறார்கள். பத்து வயதில் அது ஏறக்குறைய ஐந்து பேராகக் குறைகிறது. யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

குழந்தை வேண்டுமென்றே செய்கிறதா? இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தூங்கும் பிள்ளைக்குத் தன் சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாது. பகலில் நனைக்கும் பிள்ளைக்கு அவசரம் வந்து சேரும்போதே நேரம் கடந்திருக்கும். அடித்தாலும், அண்ணன் தங்கை முன்னால் கேலி செய்தாலும், சூடு வைப்பேன் என்று மிரட்டினாலும் சிறுநீர்ப்பை கற்றுக்கொள்ளாது. குழந்தை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். நனைந்த ஜட்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் பிள்ளை, நீர்க்கடுப்பு வந்தாலும் உங்களிடம் சொல்லாது.

சிறுநீர்ப்பை எப்படித்தான் வேலை செய்கிறது? அடிவயிற்றில் இருக்கும் ஒரு தசைப் பை அது. சிறுநீரகங்களிலிருந்து வரும் நீரை அமைதியாகச் சேர்த்து வைக்கும். அதன் வாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பை சுருங்கும்போது வளையம் திறக்க வேண்டும், பை நிறையும்போது வளையம் மூடியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒத்திசைப்பது மூளையும் முதுகுத்தண்டில் ஓடும் நரம்புகளும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 முறை கழிக்கும். மூன்று, நான்கு வயதுக்குள் பகல் கட்டுப்பாடு வரும். இரவுக் கட்டுப்பாடு அதற்குப் பிறகுதான் வரும்.

பையின் கொள்ளளவை அறிய மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டு முப்பது, 240 மில்லி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எந்த வயதில் மருத்துவரிடம் போக வேண்டும்? இரவில் மட்டும் நனைத்தால் ஐந்து வயது வரை அதை நோயாகவே எண்ண வேண்டாம். ஐந்துக்குப் பிறகு, அது குழந்தையையோ உங்களையோ வருத்தினால் போகலாம். பகலில் நனைத்தால் ஐந்து வயதுக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று பாட்டி சொல்வது பாதி உண்மை. இரவில் நனைக்கும் குழந்தைகளில் ஆண்டுக்கு 100-க்கு 15 பேர் எந்த மருந்தும் இல்லாமலே நின்றுவிடுகிறார்கள். மீதி 85 பேர் அடுத்த ஆண்டும் நனைந்த பாயில்தான் எழுந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீய்ச்சி வராமல் எப்போதும் சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது முக்கி முக்கிக் கழித்தால், உடனே காட்டுங்கள். கைக்குழந்தைக்குச் சளி, இருமல் எதுவும் இல்லாமல் கடும் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். சிறுநீரில் ரத்தம் வந்தாலும், நடையில் தடுமாற்றம் தெரிந்தாலும், கீழ் முதுகின் நடுவில் ஒரு கொழுப்புக் கட்டியோ மயிர்க்கற்றையோ ஆழமான குழியோ இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல மாதங்களாக நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கி, கூடவே ஓயாமல் தண்ணீர் கேட்டு, இளைத்தும் போனால், அது சர்க்கரை நோயாக இருக்கலாம். குழந்தைகளுக்கும் அது வரும். அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும்.

சரி, மருத்துவர் முதலில் என்ன செய்வார்? பேசுவார். சோதனைகளில் பெரியது அதுதான். எப்போதிலிருந்து, பகலிலா இரவிலா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, இடையில் எப்போதாவது ஆறு மாதம் நனைக்காமல் இருந்ததுண்டா என்று கேட்பார். ஓட்டமும் குதிப்புமாக விளையாடும்போது சட்டென்று காலை மடக்கிக் குதிகாலின்மேல் உட்கார்ந்துகொள்கிறதா, காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறதா என்றும் கேட்பார். வெளியேறப் பார்க்கும் சிறுநீரைக் குழந்தை இப்படித்தான் அடைத்துப் பிடிக்கிறது. வீட்டில் அதைக் குறும்பு என்று நினைத்திருப்பீர்கள்.

“அம்மா, அப்பா யாராவது சின்ன வயதில் பாயை நனைத்தீர்களா?” என்ற கேள்வியும் வரும். நெளியாமல் பதில் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய 44 விழுக்காடு வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் 77 விழுக்காடு. இதைக் குழந்தையின் காதிலும் போடுங்கள். அப்பாவும் எட்டு வயது வரை நனைத்தார் என்று தெரிந்தால் அதன் முகத்தில் வரும் நிம்மதியை நீங்களே பார்ப்பீர்கள்.

வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்ததா, பள்ளி மாறியதா, யாராவது இறந்தார்களா என்றும் விசாரிப்பார். வெகுகாலம் நனைக்காமல் இருந்த பிள்ளை மீண்டும் நனைத்தால் மனதில் ஏதோ உறுத்துகிறதா என்று பார்ப்பது அவர் கடமை. யாராவது தவறாக நடந்துகொண்டார்களா என்பதும் அந்த விசாரணையில் அடங்கும். குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவர் கேட்டால் தடுக்காதீர்கள்.

பிறகு உங்கள் கையில் ஒரு வேலை கொடுப்பார்: இரண்டு நாள் குறிப்பு. நான் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்பதாக இருந்தால் இதைத்தான் கேட்பேன். ஸ்கேன் காட்டாததை இந்தத் தாள் காட்டிவிடும்.

எப்படி எழுதுவது? பிள்ளை வீட்டில் இருக்கும் சனி, ஞாயிறு நல்லது. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கழிவறையில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் குழந்தை அதில் கழிக்கட்டும். நேரம், அளவு, நனைந்திருந்தால் லேசான ஈரமா முழு நனைவா என்று எழுதுங்கள். என்ன குடித்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் மட்டும் இல்லை, மோர், ரசம், டீ, கூல்டிரிங்க்ஸ் எல்லாம் சேரும். மலம் கழித்ததையும் எழுதுங்கள். குவளையில் கழிக்கக் குழந்தை வெட்கப்பட்டால், எழுதும் வேலையை அதனிடமே கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போகும்.

இரவுக்கு? ஒரு வாரம் டயப்பர் கட்டிப் படுக்க வைக்கலாம். காலையில் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி சிறுநீர். எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் அதோடு கூட்டுங்கள். அதுதான் அந்த இரவின் மொத்த உற்பத்தி.

இந்த எண்கள் என்ன சொல்லும்? நம் ஏழு வயதுப் பிள்ளைக்கு எதிர்பார்க்கும் கொள்ளளவு 240 மில்லி. காலையின் முதல் முறையை விட்டுவிட்டு, பகலில் ஒரே முறையில் கழித்த அதிகபட்ச அளவே 150 மில்லியைத் தாண்டவில்லை என்றால், பை முழுதாக நிறையும் முன்பே துடிக்கிறது என்று பொருள். இரவில் மட்டும் 310 மில்லிக்கு மேல் சுரந்தால், தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டிய சுரப்புநீர் (உடலே சுரந்து ரத்தத்தில் அனுப்பும் கட்டளைப் பொருள்) போதாமல் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அளக்காமல் ஆரம்பித்தால் தப்பான மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்போம்.

எத்தனை முறை என்பதும் முக்கியம். நாளைக்கு நான்கு முதல் ஏழு முறை சரியான கணக்கு. எட்டும் அதற்கு மேலும் என்றால் துடிப்பான பை. மூன்றும் அதற்குக் கீழும் என்றால் குழந்தை அடக்கி வைக்கிறது. பள்ளிக் கழிவறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, டீச்சர் அனுப்புவதில்லை என்று பிள்ளை சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த “மூன்று” என்ற எண்ணில் வெளிவந்துவிடும்.

உடலை எப்படிச் சோதிப்பார்? வயிற்றை அழுத்திப் பார்ப்பார். இறுகிய மலம் கையில் தட்டுப்படும். முதுகின் கீழ்ப்பகுதியைப் பார்ப்பார், கால்களின் வலுவைப் பார்ப்பார். உங்களை உடன் வைத்துக்கொண்டு, குழந்தையிடம் சொல்லிவிட்டு, பிறப்புறுப்பை மேலோட்டமாகப் பார்ப்பார். சின்னப் பையன்களுக்கு முன்தோல் பின்னால் வராமல் இருப்பது பெரும்பாலும் இயல்பு. அதை வலுவாகப் பின்தள்ளிச் சுத்தம் செய்ய முயலாதீர்கள், புண்ணாகித் தழும்பு விழும்.

என்னென்ன சோதனைகள்? சிறுநீர்ச் சோதனை எல்லாருக்கும் உண்டு. கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று அதில் தெரியும். கிருமி இருப்பதாகத் தோன்றினால் யூரின் கல்ச்சர் (கிருமியை வளர்த்து அது எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை) அனுப்புவார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகலாம். ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே இதற்கான சிறுநீரைப் பிடித்துவிட வேண்டும். மருந்துக்கடையில் வாங்கி ஒரு வேளை கொடுத்துவிட்டுப் போனால் கிருமி வளராது, உண்மை தெரியாமலே போய்விடும்.

சிறுநீரை எப்படிப் பிடிப்பது? கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் மூடியுள்ள டப்பாவில் பிடியுங்கள். கைக்குழந்தைக்கு ஒட்டும் பையைக் கட்டிப் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து வந்து குழப்பும். அதனால்தான் சில நேரம் மெல்லிய குழாய் விட்டு எடுக்கிறார்கள். கல் மனதால் அல்ல, தவறான முடிவை வைத்து வீணாக மருந்து கொடுக்கக் கூடாது என்பதற்காக.

வயிற்று ஸ்கேன் (ஒலி அலை கொண்டு உள்ளே பார்ப்பது) வலிக்காது, கதிர்வீச்சும் இல்லை. கழிப்பதற்கு முன்னும் பின்னும் பார்ப்பார்கள். கழித்த பிறகும் 20 மில்லிக்கு மேல் தங்கினால் மருத்துவர் கவனிப்பார். பின்னால் இருக்கும் மலக்குடலின் அகலத்தையும் அதிலேயே அளக்கலாம்.

பெரிய மருத்துவமனைகளில் யூரோஃப்ளோமெட்ரி (சிறுநீர் வரும் வேகத்தை வரைபடமாக்கும் சோதனை) உண்டு. குழந்தை ஒரு நாற்காலிக் கழிப்பிடத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் கழிக்கும். அடியில் உள்ள கருவி கோடு வரையும். கோவில் மணி போல வழவழப்பாக ஏறி இறங்கினால் எல்லாம் சரி. கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தடுமாறினால், கழிக்கும்போது குழந்தை அடி வளையத்தை இறுக்கிக்கொள்கிறது. தட்டையாக நீண்டுகொண்டே போனால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கலாம்.

“டியூப் போட்டு எக்ஸ்ரே எடுப்பார்களாமே?” எல்லாருக்கும் இல்லை. இரவில் மட்டும் நனைக்கும் ஆரோக்கியமான பிள்ளைக்கு அது தேவையே இல்லை. மீண்டும் மீண்டும் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வரும் சின்னக் குழந்தைக்கும், ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கித் தெரியும் குழந்தைக்கும், நரம்புக் கோளாறு உள்ள குழந்தைக்கும்தான் அந்தப் படிகள்.

இப்போது, பல பெற்றோர் நம்ப மறுக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன்: மலச்சிக்கல். “சிறுநீர்ப் பிரச்சினைக்கு வந்தோம், இவர் ஏன் மலத்தைப் பற்றியே கேட்கிறார்?” என்று தோன்றும். சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் மலக்குடல் இருக்கிறது. அதில் இறுகிய மலம் தேங்கினால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூட்டையோடு உட்கார்ந்தது போல, சிறுநீர்ப்பைக்கு விரிய இடம் இருக்காது. இரண்டுக்கும் போகும் நரம்புகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

“எங்கள் பிள்ளை தினமும் போகிறதே?” போகலாம். ஆனால் ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாகப் போகிறதா, கழிவறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பருமனாகப் போகிறதா, ஜட்டியில் அடிக்கடி கறை படிகிறதா என்று பாருங்கள். கறை படிவதைக் கழுவத் தெரியவில்லை என்று திட்டுவோம். உண்மையில் தேங்கிய மலத்தைச் சுற்றி இளகியது கசிந்து வருகிறது.

1997-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மலச்சிக்கலும் நனைத்தலும் சேர்ந்திருந்த குழந்தைகளில், மலச்சிக்கல் தீர்ந்தவர்களைப் பார்த்தார்கள். பகலில் நனைத்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கும், இரவில் நனைத்தவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் நனைப்பது நின்றிருந்தது. சிறுநீர்ப்பைக்கென்று ஒரு மாத்திரை இல்லாமல்.

அதற்கு மருத்துவர் தருவது பெரும்பாலும் தண்ணீரில் கலக்கும் ஒரு தூள் (பாலிஎத்திலீன் கிளைக்கால் எனும், மலத்தில் நீரைப் பிடித்து வைக்கும் பொருள்) அல்லது லாக்டுலோஸ் பாகு. முதல் சில நாள் குடலை முழுதாகக் காலி செய்ய அதிகம் கொடுத்து, பிறகு அளவாக மாதக்கணக்கில் தொடர்வார். “பழக்கமாகிவிடாதா?” ஆகாது. விரிந்து தளர்ந்த குடல் பழைய வடிவுக்குத் திரும்ப அவ்வளவு நாள் தேவை. ஒரு வாரம் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. கூடவே கீரை, கொய்யா, வாழைப்பழம், சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் கழிவறையில் உட்காரும் பழக்கம்.

சிறுநீர்ப்பைக்கு முதல் சிகிச்சை என்ன? பழக்கம். மருத்துவர்கள் இதற்கு யூரோதெரபி (சிறுநீர் கழிக்கும் பழக்கத்தைத் திருத்திக் கற்பிப்பது) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், பல பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, வருகிறதோ இல்லையோ, கழிவறைக்குப் போக வேண்டும். “வருதா?” என்று கேட்காதீர்கள், எந்தப் பிள்ளையும் “வரல” என்றுதான் சொல்லும். “நேரமாச்சு, போலாம் வா” என்று சொல்லுங்கள். மெதுவாக, முழுதாகக் கழிக்கட்டும். மிச்சம் தங்கும் பிள்ளை, இரண்டு நிமிடம் நின்றுவிட்டு இன்னொரு முறை முயலட்டும்.

உட்காரும் விதம் பெரிய விஷயம். நம் ஊர் இந்தியன் டாய்லெட்டில் பாதம் முழுதும் தரையில் பதியும், அடித்தசை தளரும், நல்லது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் குட்டிக் கால்கள் தொங்கும், விழுந்துவிடுவோமோ என்று உடல் இறுகும், வளையமும் இறுகும். காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள். பெண் குழந்தைகள் ஜட்டியை முழங்காலில் நிறுத்தாமல் முழுக்க இறக்கிவிட்டு, காலை அகட்டி, சற்று முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். காலை ஒட்டி வைத்துக் கழித்தால் கொஞ்சம் நீர் பின்னோக்கிப் பிறப்புறுப்புக்குள் போய்த் தங்கி, எழுந்து நடந்ததும் சொட்டும். “இப்பத்தானே போன, அதுக்குள்ள எப்படி நனைஞ்சது?” என்று திட்டு வாங்கும் பல சிறுமிகளுக்கு இதுதான் காரணம்.

தண்ணீரைக் குறைத்தால் நனைப்பது குறையுமே? குறையாது. அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டும், மலத்தையும் இறுக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல், நம் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதில் பெரும்பகுதி காலையிலிருந்து மாலைக்குள் உள்ளே போய்விட வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது: கொண்டுபோன தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்புகிறது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிள்ளை சொம்பு சொம்பாகக் குடிக்கிறது. பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கும் வழக்கத்தைக் கேரளம் 2019-ல் கொண்டுவந்தது. அந்த மணிக்குப் பின்னாலேயே சுத்தமான கழிவறைக்கும் வழி இருந்தால்தான் அது முழுமை பெறும். வகுப்பு ஆசிரியரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டி, “கேட்டவுடன் அனுப்புங்கள் மேடம், மற்ற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர்க்கடுப்பு என்றால் உடல் சூடுதானே, இளநீர் போதாதா? கோடையில் தண்ணீர் குறைந்து சிறுநீர் மஞ்சளாகி எரிந்தால் இளநீரும் மோரும் உதவும், குடித்த அன்றே குறையும். ஆனால் காய்ச்சலோ வாந்தியோ முதுகு வலியோ சேர்ந்தால், அல்லது எரிச்சல் மறுநாளும் நீடித்தால், அது தொற்றாக இருக்கலாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இளநீர் கொடுத்துக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீரகம் வரை ஏறிய தொற்று அங்கே நிரந்தரத் தழும்பை விட்டுப்போகக் கூடும்.

அப்படித் தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களில் சிலருக்கு ரிஃப்ளக்ஸ் (சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்தை நோக்கிப் பின்வாங்கிப் போவது) இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை படி சொல்வார்கள். கீழ்ப் படிகளில் உள்ளவை பெரும்பாலும் வளர வளரத் தானே மறைந்துவிடும். அதுவரை தொற்று வராமல் காப்பதுதான் சிகிச்சை. சிலருக்குச் சிறிய அளவு ஆன்டிபயாட்டிக் தினமும் தருவார்கள். அறுவை சிகிச்சை சிலருக்கு மட்டும்.

பழக்கம் மாற்றியும் பகலில் அவசரம் அடங்கவில்லை என்றால்? பையின் துடிப்பைத் தணிக்கும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் உண்டு. வாய் உலரும், மலச்சிக்கல் கூடும், வியர்வை குறையும். இந்த மருந்து எடுக்கும் பிள்ளையை உச்சி வெயிலில் விளையாட விடாதீர்கள், முகம் சிவந்து உடல் கொதித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவுக்கு இரண்டு வழிகள். ஒன்று அலாரம். ஜட்டியில் பொருத்தும் சிறிய உணர்கருவி, முதல் சொட்டு ஈரத்திலேயே ஒலிக்கும். முதல் சில வாரங்கள் பிள்ளை எழாது, வீடே எழும், பிள்ளை மட்டும் தூங்கும். நீங்கள்தான் எழுப்பி, முழு விழிப்போடு கழிவறைக்கு நடத்திப் போக வேண்டும். இரண்டு, மூன்று மாதம் விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு பிள்ளைகள் நனைக்காமல் தூங்குவார்கள். தொடர்ந்து 14 இரவு நனையாத பிறகுதான் நிறுத்த வேண்டும். தாயும் தகப்பனும் முறை வைத்து எழ முடியாத வீட்டில் இதை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. பாதியில் விட்டால் பிள்ளை தான் தோற்றதாக நினைக்கும்.

இரண்டாவது டெஸ்மோபிரெசின் (இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் மருந்து). இரவில் அதிகம் சுரக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், சுற்றுலாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் கைகொடுக்கும். நிறுத்தினால் பலருக்கு நனைப்பது திரும்பும். இதில் ஒரு விதியை மீறவே கூடாது: மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, பிறகு எட்டு மணி நேரம் வரை தண்ணீர் ஓரிரு மடக்குக்கு மேல் கூடாது. உடல் நீரை வெளியேற்றாமல் வைத்திருக்கும்போது குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் மருந்தைக் கொடுக்காதீர்கள்.

நடுராத்திரி தூக்கிக்கொண்டு போய்க் கழிக்க வைக்கிறோமே, அது? பாய் காயும், பிள்ளை கற்றுக்கொள்ளாது. துவைக்கும் வேலை மிச்சம் என்பதற்காகச் செய்யலாம், தவறில்லை.

இனி, பிறவியிலேயே வரும் சில கோளாறுகள். ஆண் குழந்தையின் சிறுநீர்ப் பாதையில் சவ்வு போன்ற அடைப்பு இருக்கலாம். பல நேரம் கர்ப்ப கால ஸ்கேனிலேயே தெரியும். பாதை வழியாகக் கருவி விட்டு, வயிற்றைக் கிழிக்காமல் நீக்குவார்கள். ஆனால் அதோடு முடிவதில்லை, பல ஆண்டுகள் சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டும். பெண் குழந்தை ஒழுங்காகக் கழிவறைக்குப் போயும், இடைவிடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், சிறுநீரகக் குழாய் ஒன்று தவறான இடத்தில் திறந்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் அழுக்குப் பிள்ளை என்று பெயர் வாங்கிய சிறுமிகள் ஓர் அறுவை சிகிச்சையில் குணமாகிறார்கள்.

முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளின் நிலை வேறு. நரம்புக் கட்டளை சரியாகப் போகாததால் பை தானாகக் காலியாகாது. அழுத்தம் சிறுநீரகத்துக்கு ஏறி அதைக் கெடுக்கும். முன்பு இப்படிப் பிறந்த பலர் சிறுநீரகம் கெட்டே இறந்தார்கள். 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த மருத்துவர் ஜாக் லாப்பிடஸ், கிருமியே இல்லாத அறை வேண்டாம், சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும், வீட்டிலேயே மெல்லிய குழாய் விட்டுக் காலி செய்யலாம் என்று காட்டினார். அதன்பின் கதை மாறியது.

“என் குழந்தைக்கு நானே குழாய் விடுவதா?” கை நடுங்கத்தான் செய்யும். செவிலியர் பக்கத்தில் இருந்து சொல்லித் தருவார், ஒரு வாரத்தில் பழகும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை விட வேண்டும். ஏழெட்டு வயதில் பல பிள்ளைகள் தாங்களே செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். இந்தக் குழந்தைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை அதிகம், ஆகவே ரப்பர் பால் சேராத குழாயும் கையுறையும் கேளுங்கள். அடுத்த குழந்தைக்கும் இந்தப் பிளவு வரும் வாய்ப்பைக் குறைக்க, கர்ப்பத்துக்கு முன்பே எவ்வளவு ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது? முதலில் உங்கள் வழக்கமான குழந்தை மருத்துவரிடம். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தேவைப்பட்டால் அவரே குழந்தைகள் சிறுநீரக மருத்துவருக்கோ குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணருக்கோ எழுதித் தருவார். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் அந்தப் பிரிவுகள் உண்டு.

போகும் நாளில் இரண்டு நாள் குறிப்பையும், பழைய சிறுநீர்ச் சோதனைச் சீட்டுகளையும், ஒரு மாற்று உடையையும் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது வழக்கம்போல “ஒண்ணுக்குப் போயிட்டு வா” என்று அனுப்பிவிடாதீர்கள். ஸ்கேனுக்கும் சிறுநீர் வேகச் சோதனைக்கும் பை நிறைந்திருக்க வேண்டும். வழியில் நனைந்தால் நனையட்டும், மாற்று உடை பையில் இருக்கிறது என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.